குழந்தைகளின் இடுப்பு விலகலும் கை கால் முறிவும்: உங்கள் அனுபவங்கள்

குலசேகரத்திலிருந்து ஒரு தாய்:
என் மகள் வயிற்றில் தலை மேலாக இருந்ததால் அறுவை சிகிச்சையில் பிறந்தவள். மூன்றாம் மாதம், குளிப்பாட்ட வந்த பாட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி, “இடது கால் விரிய மாட்டேங்குது மக்களே, டாக்டரிட்ட ஒண்ணு காட்டு” என்றார். குழந்தை அழாததால் நான் பொருட்படுத்தவில்லை. பதினான்காம் மாதம் நடக்கத் தொடங்கியபோது ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்துக்கு வெளியே இருந்தது. அறுவை சிகிச்சை, பின்பு மார்பிலிருந்து கணுக்கால்வரை மூன்று மாதம் மாவுக்கட்டு. பாட்டி கையை நிறுத்திய அந்தக் கணம் இன்னும் என்னை விடவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தகப்பன்:
ஆறு வயது மகன் கொல்லாமரத்திலிருந்து கையூன்றி விழுந்தான். முழங்கைக்குச் சற்று மேலே முறிவு. அன்று மாலையே மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். இரவு முழுவதும் அலறியவனை, கட்டு புதிது என்று சொல்லித் தேற்றினேன். மறுநாள் மருத்துவர் அவன் விரல் ஒன்றை மெல்ல நிமிர்த்தியபோது எழுந்த அலறலைக் கேட்டதும், அவர் வேறெதுவும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்தார். உள்ளே தசை இறுகி இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. கை பிழைத்தது, இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக நீளவில்லை. நாட்டு வைத்தியர் போடும் கட்டை நம்பாதீர்கள்.

தக்கலையிலிருந்து:
அண்ணன், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் கடைசி வரியை ஏற்க முடியவில்லை. என் தாத்தா வர்ம ஆசான், எலும்பு முறிவுக்கு நாட்டுமுறையில் கட்டுப்போடுபவர். முழங்கை வீங்கி வரும் பிள்ளைக்கு அவர் கட்டுப்போட்டதே இல்லை. மணிக்கட்டில் நாடி பார்த்து, உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார். என் தம்பிக்கு முன்கை எலும்பு பச்சைக் கம்புபோல் ஒருபுறம் மட்டும் முறிந்தபோதும் எக்ஸ்ரே பார்த்த பிறகே எண்ணெயைத் தொட்டார். முதல் இரண்டு நாட்களில் வீக்கம் கூடும் என்பதால் மாவுக்கட்டும் இறுகலாம். வலி நேரத்துக்கு நேரம் ஏறினால், விரல் மரத்தால், வெளுத்தால், யார் போட்ட கட்டானாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு செவிலியர்:
நான் பார்த்த ஒரு குழந்தைக்கு ஆறாம் வாரத்திலேயே விலகல் தெரிந்து, கால்களை மடக்கி விரித்து வைக்கும் பாவ்லிக் வார்ப்பட்டையிலேயே மூட்டு கிண்ணத்தில் அமர்ந்தது. குலசேகரத்து அக்கா, இடுப்பு விலகல் பச்சிளம் குழந்தைக்கு வலிக்காது. அதனால்தான் அழுகையை நம்பக் கூடாது. தலை மேலாக இருந்த குழந்தைகளுக்கும், உடன்பிறந்தோருக்கோ பெற்றோருக்கோ இக்குறை இருந்தவர்களுக்கும், மருத்துவர் கையால் பார்த்துச் சரி என்று சொன்னாலும் ஆறு வாரத்தில் இடுப்புக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பது நல்லது. அந்த வயதில் பந்து பெரும்பாலும் குருத்தெலும்பாக இருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியாது. வார்ப்பட்டை ஆறு மாத வயதுக்குள் நன்றாகப் பயன்படும். மருத்துவர் சொல்லாமல் குளிப்பாட்டுவதற்காகக்கூட அதைக் கழற்றக் கூடாது. கால்களை நேராக நீட்டித் துணியால் இறுக்கிச் சுற்றாதீர்கள். ஒக்கலில் கால் விரித்து வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் மூட்டுக்கு நல்லது.

குலசேகரத்திலிருந்து ஒரு தாய்:
ஒக்கலில்தான் வைத்திருந்தேன். வலது கால் என் இடுப்பை இறுகப் பற்றும். இடது கால் விரியாமல் நேரே கீழே தொங்கும். அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். இளையவள் தலை கீழாகவே இருந்து பிறந்தாள். இருந்தும் ஆறாம் வாரத்தில் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு பந்துகளும் கிண்ணத்துக்குள் இருந்தன.