ஊஞ்சல் விட்டு விட்டு ஆடுகிறது: கோடி (Kodi) பிளேயரில் ரெஃப்ரெஷ் ரேட் தானாக மாறவே இல்லை

நங்கநல்லூர்_ரகு

வணக்கம். 2003-இல் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் என் அக்கா கல்யாணம் நடந்தது. அன்று கேம்கார்டரில் எடுத்த சின்ன கேசட்டுகள் மூன்றையும் போன மாதம் கணினிக்கு மாற்றினேன். சுருக்காமல் அப்படியே இறக்கியதால் மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கிறது. பரவாயில்லை, படம் நன்றாக வந்திருக்கிறது.

ஹால் டிவியில் போட்டால்தான் சிக்கல். அக்காவும் அத்திம்பேரும் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார்கள், பச்சைப்பிடி சுற்றுகிறார்கள், பாட்டி லாலி பாடுகிறார். ஊஞ்சல் வழுக்கிக்கொண்டு போக வேண்டாமா? விட்டு விட்டு நகர்கிறது. கேமரா மெதுவாகத் திரும்பும்போது மண்டபத் தூண்கள் எல்லாம் உதறுகின்றன. பாட்டி போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் பாடி எங்களிடம் இருப்பது இந்த நான்கு நிமிடம்தான். அம்மா பாதியிலேயே "கண்ணை வலிக்கறதுடா" என்று எழுந்து போய்விட்டார்.

டிவியோடு இருப்பது ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி, அதில் லிப்ரேஎலெக் என்ற இயங்குதளம், அதன் மேல் வீடியோ ஓட்டும் கோடி. பிளேயர் அமைப்பில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதை ‘ஆன் ஸ்டார்ட் / ஸ்டாப்’ என்று வைத்திருக்கிறேன். ஆனாலும் எதைப் போட்டாலும் டிவியின் இன்ஃபோ பட்டன் 1080பி, 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 தடவை படம் புதுப்பிப்பது) என்றே காட்டுகிறது. கேபிள் மாற்றிப் பார்த்தாயிற்று. வேறு எங்கே பார்ப்பது?

பழைய_வீடியோக்காரன்

தம்பி, தி. நகர் பக்கம் இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். உங்கள் கேசட்டில் ஒன்றும் கெடவில்லை, கவலைப்படாதீர்கள்.

நம் ஊர் கேமராக்கள் எல்லாம் பால் (PAL) என்ற டிவி முறை. 1982-இல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது வந்ததும் அதே முறைதான். விநாடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு. இரண்டும் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல, அடுத்தடுத்து எடுத்தவை. ஆக, விநாடிக்கு 50 அசைவு கேசட்டில் இருக்கிறது. அதை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால் என்ன ஆகும்? 50 பேர் 60 நாற்காலியில் உட்கார வேண்டும். ஐந்து அசைவுக்கு ஒன்று இரண்டு தடவை வந்து நிற்கும். விநாடிக்குப் பத்து முறை சின்னச் சின்னத் தயக்கம். யாராவது சும்மா நின்று பேசினால் தெரியாது. ஊஞ்சலில் கட்டாயம் தெரியும், ஏனென்றால் அது ஒரே சீராகப் போகிற பொருள்.

ஒன்று மட்டும் முதலில் பாருங்கள். ஃபைல் உண்மையிலேயே 25-ஆ? மாற்றித் தரும்போது சிலர் 30 ஃபிரேமாக ஆக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி ஆகியிருந்தால் தயக்கம் ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும், எந்த செட்டிங்கும் அதைச் சரி செய்யாது. கேசட்டிலிருந்து மறுபடி எடுப்பதுதான் வழி. அதனால் கேசட்டுகளைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நங்கநல்லூர்_ரகு

நன்றி சார். பார்த்துவிட்டேன், 720க்கு 576, 25 ஃபிரேம், இன்டர்லேஸ்டு (நீங்கள் சொன்ன இரண்டு ஃபீல்டு முறை). நானே இறக்கியதால் நடுவில் யாரும் மாற்றவில்லை.

வேளச்சேரி_வித்யா

ரகு, ராஸ்பெர்ரி பைக்கும் டிவிக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா? ஆம்ப், ஸ்விட்ச், ஸ்ப்ளிட்டர் எதுவானாலும் சொல்லுங்கள். அப்புறம் கோடியில் சிஸ்டம், டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நங்கநல்லூர்_ரகு

ஆமாம், ஒரே சிக்னலை இரண்டு திரைக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் ஒன்று, ரிச்சி தெருவில் வாங்கியது, இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஹாலுக்கு வந்து உட்கார முடியாத நாட்களில் அவர் அறையிலேயே பார்க்கட்டும் என்று பழைய கணினி மானிட்டருக்கு ஒரு கேபிள் இழுத்திருக்கிறேன். பட்டியலில் 60 மட்டும்தான் இருக்கிறது.

வேளச்சேரி_வித்யா

அதேதான். டிவி தன்னால் என்னென்ன காட்ட முடியும் என்று ஒரு சிறு தகவல் தொகுப்பை ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகச் சொல்லும். அதற்கு இடிஐடி என்று பெயர். பை அதைப் படித்துத்தான் பட்டியல் போடுகிறது. நடுவில் ஸ்ப்ளிட்டர் வந்தால் பை படிப்பது ஸ்ப்ளிட்டர் கொடுக்கிற இடிஐடியை. இரண்டு திரைக்கும் ஒரே சிக்னல் போக வேண்டும் என்பதால், இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் சொல்லும் ஸ்ப்ளிட்டர்கள் நிறைய. பழைய கணினி மானிட்டர் பலவற்றுக்கு 50 தெரியாது, 24-உம் தெரியாது. உங்கள் டிவி 50 காட்டத் தயாராக இருந்தும், அந்தச் செய்தி பைக்கு வந்து சேரவில்லை.

ஸ்ப்ளிட்டரைக் கழற்றி நேரடியாகச் செருகி, பையை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

நங்கநல்லூர்_ரகு

கழற்றினேன். பட்டியலில் இப்போது 24, 50, 60 எல்லாம் வந்துவிட்டன! ஆனால் ஊஞ்சலைப் போட்டால் இன்னமும் 60-இலேயே நிற்கிறது.

வேளச்சேரி_வித்யா

அப்படியானால் ஒயிட்லிஸ்ட்டைப் பாருங்கள், அதாவது கோடி எந்தெந்த ரேட்டுக்கு மாறலாம் என்று நாம் டிக் செய்யும் பட்டியல். அதே டிஸ்ப்ளே பகுதிதான், செட்டிங் நிலையை ‘எக்ஸ்பர்ட்’ ஆக்கினால் தெரியும். அதில் ஒன்றும் டிக் இல்லையென்றால், இப்போதுள்ள ரெசொல்யூஷனுக்குள் கோடி தானே ரேட்டைத் தேர்ந்தெடுக்கும். ஒன்றை டிக் செய்துவிட்டால், டிக் உள்ளவற்றைத் தாண்டிப் போகாது. முன்பு எப்போதாவது 1080பி 60-ஐ மட்டும் டிக் செய்தீர்களா?

1080பி-யில் 23.976, 24, 50, 59.94, 60 ஐந்தையும் டிக் செய்யுங்கள். 23.976-உம் 24-உம் ஒன்றுதானே என்று ஒன்றை விட்டுவிட வேண்டாம். 23.976 படத்தை 24-இல் ஓட்டினால் 42 விநாடிக்கு ஒரு முறை கணக்குத் தவறி ஒரு சின்னத் துள்ளல் வரும். ஒயிட்லிஸ்ட்டுக்குக் கீழேயே இரட்டிப்பு ரேட்டை அனுமதிக்கும் ஒரு தேர்வும் இருக்கும், அதையும் போடுங்கள். 25 ஃபிரேம் ஃபைல் 50-க்குப் போவது அதனால்தான்.

இன்னொன்று. ரேட் மாறும்போது டிவி ஓரிரு விநாடி கறுப்பாகிவிடும். அதற்குள் வீடியோ ஓடத் தொடங்கினால் ஆரம்பச் சத்தம் போய்விடும். ‘டிலே ஆஃப்டர் சேஞ்ச் ஆஃப் ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதில் 2 அல்லது 3 விநாடி வைத்துக்கொள்ளுங்கள்.

நங்கநல்லூர்_ரகு

ஆமாம், போன வருடம் ஏதோ ஒரு படத்துக்காக 60-ஐ டிக் செய்துவிட்டு மறந்திருக்கிறேன். நீங்கள் சொன்ன ஐந்தையும் போட்டேன். டிவி ஒரு தடவை கறுப்பாகி வந்தது, இன்ஃபோவில் 1080பி, 50 ஹெர்ட்ஸ். ஊஞ்சல் அன்றைக்கு மண்டபத்தில் ஆடிய மாதிரியே ஆடுகிறது. தூண்கள் நிற்கிற இடத்தில் நிற்கின்றன.

முதலில் டிலே வைக்காமல் போட்டதால் பாட்டி பாட்டெடுக்கிற முதல் சொல்லே கேட்கவில்லை. 2.5 விநாடி வைத்தபிறகு முழுதாக வருகிறது. அம்மா நான்கு நிமிடமும் அசையாமல் பார்த்தார். "இன்னொரு தரம் போடு" என்றார்.

அப்பா அறைக்குத் தனியாக, திரையில் செருகி வீடியோ பார்க்கும் ஸ்டிக் ஒன்று வாங்கிவிடப் போகிறேன். ஸ்ப்ளிட்டரை மறுபடி செருகினால் பழையபடி ஆகிவிடும் இல்லையா?

பழைய_வீடியோக்காரன்

ஆகும் தம்பி. டிவியின் இடிஐடியை ஒரு கோப்பாகச் சேமித்து, துவக்கத்தில் அதையே படிக்க வைக்கும் வசதி லிப்ரேஎலெக்கில் இருக்கிறது. ஆனால் அந்த மானிட்டரால் 50-ஐக் காட்ட முடியாவிட்டால் அப்பா அறையில் கறுப்புத் திரைதான் வரும். ஸ்டிக்கே வாங்குங்கள். மற்ற இரண்டு கேசட்டும் இதே கேமராவில் எடுத்தவை என்றால் அவையும் இனி நன்றாக ஓடும்.