கங்கை பிறப்பது கோமுகத்திலா?

அளவுகோல்:
கங்கை கோமுகத்தில் பிறக்கிறது என்று நேற்று இங்கே ஒருவர் எழுத, அதைப் பலர் பாராட்டியும் இருப்பது வியப்பளிக்கிறது. கங்கோத்ரிப் பனியாற்றின் முனையான கோமுகத்தில் புறப்படுவது பாகீரதி. சதோபந்த், பாகீரத் கரக் பனியாறுகளிலிருந்து வரும் அலக்நந்தாவோடு அது தேவபிரயாகையில் கலந்த பிறகே கங்கை என்ற பெயர் வருகிறது. நீரளவில் பெரியதும் அலக்நந்தாதான்.

வடதிசை:
அந்த ஒருவன் நானே. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். பாகீரதியின் நீளம் 205 கி.மீ., அலக்நந்தாவின் நீளம் 195 கி.மீ. நீளமான கிளையே மூலம்.

அளவுகோல்:
பத்துக் கிலோமீட்டர்! கோமுகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் பின்வாங்குவதால் பாகீரதி ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போகிறது. உங்கள் பத்துக் கிலோமீட்டர் எந்த ஆண்டுக் கணக்கு?

யாத்ரீகன்:
தேவபிரயாகைப் படித்துறையில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். பாகீரதி ஆர்ப்பரித்து வருகிறது, அலக்நந்தா அடக்கமாக வருகிறது. அவ்வூர்க்காரர்களே முன்னதை மாமியார் என்றும் பின்னதை மருமகள் என்றும்தான் சொல்கிறார்கள்.

அளவுகோல்:
சத்தம் போடுகிறவரே பெரியவர் என்றால் இந்த விவாதத்திலும் உங்கள் தரப்புதான் வென்றது. விஷ்ணுபிரயாகையில் தௌலிகங்கை, நந்தபிரயாகையில் நந்தாகினி, கர்ணபிரயாகையில் பிண்டாரி, ருத்ரபிரயாகையில் மந்தாகினி என நான்கு ஆறுகளை வாங்கிக்கொண்டு வருகிற மருமகளைப் படித்துறையில் நின்று எடைபோட முடியாது. போதாக்குறைக்கு, நீங்கள் பார்த்த மாமியார், 260 மீட்டர் உயரமுள்ள டெஹ்ரி அணை திறந்துவிட்ட அளவுக்கே வந்தவர்.

வடதிசை:
அணை நீளத்தைக் குறைக்கவில்லையே? 205, 195. பனிப்பாறையிலிருந்து கணக்கிட்டாலும் பாகீரதியே முந்தும்.

அளவுகோல்:
கடலில் மிதப்பது பனிப்பாறை; மலைச்சரிவில் நகர்வது பனியாறு. சிந்து நதி மானசரோவரிலிருந்து வழிகிறது என்று எழுதிவிட்டு, திருத்தியவர்மீது மூன்று நாள் கோபித்துக்கொண்டிருந்தவரிடம் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

வடதிசை:
சிந்துவை இங்கே இழுப்பவருக்குக் கங்கையில் வாதம் தீர்ந்துவிட்டது என்று பொருள். பனிப்பாறை என்று நாளிதழ்களே எழுதுகின்றன.

பனித்துளி:
ஒரு சிறிய ஐயம். கோமுகத்துக்கு மேலேயும் ஏறத்தாழ 30 கி.மீ. நீளத்துக்குப் பனியாறு கிடக்கிறது. அதன் அடியிலும் உருகுநீர் ஓடுகிறது. அப்படியிருக்க, ஆறு தொடங்குமிடம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமா?

அளவுகோல்:
அதெல்லாம் பிறகு. அவர் முதலில் அந்தப் பத்துக் கிலோமீட்டர் எந்த ஆண்டுக் கணக்கு என்று சொல்லட்டும்.

வடதிசை:
நீங்கள் முதலில் 205 பெரிதா, 195 பெரிதா என்று சொல்லுங்கள்.

யாத்ரீகன்:
மாமியாரைக் கேலி செய்ததற்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.