ராயபுரம் குடும்பம் குழு: செப்டம்பர் 22

[மாலை 6:42] பெரியப்பா: (ஃபார்வர்டு) 1914, இதே நாள்! ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கியது. கப்பலில் இருந்து வழிகாட்டியவர் நம் செண்பகராமன் பிள்ளை! எல்லோருக்கும் பகிருங்கள்.

[மாலை 6:44] கார்த்தி: பெரியப்பா, நிஜமாவா? அவர் அந்தக் கப்பல்லயே இருந்தாரா?

[மாலை 6:49] சரோஜா அத்தை: முதல் பாதி நிஜம் அண்ணே. ரெண்டாவது பாதிக்கு ஆதாரம் கிடையாது. அவர் அப்ப ஐரோப்பாவுல இருந்தாரு. நாட்டு விடுதலைக்காக அவர் பட்ட பாடே பெருசு, அதுமேல இந்தக் கதைய ஏத்த வேண்டாம்.

[மாலை 6:51] பெரியப்பா: அப்பா சொல்லுவாரே சரோஜா, தாத்தா மண்ணடிக் கடையப் பூட்டிட்டு பாட்டிய கூட்டிக்கிட்டு காஞ்சிபுரம் கிளம்பிட்டாருன்னு.

[மாலை 6:52] சரோஜா அத்தை: அது கண்டிப்பா நடந்திருக்கும். ஆயிரக்கணக்குல ஜனம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போச்சு.

[மாலை 6:58] செல்வம் மாமா: கார்த்தி, அன்னைக்கு நடந்தது இதான். ராத்திரி ஒன்பதரை மணி சுமாருக்கு எம்டன் கரைக்கு மூணு கிலோமீட்டருக்கும் கிட்ட வந்து, சர்ச்லைட்டப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைப் பார்த்து அடிச்சுது. சுமார் 130 குண்டு. ரெண்டு டாங்க் பத்திக்கிச்சு, மூணு லட்சம் காலனுக்கு மேல எண்ணெய் போச்சு. துறைமுகத்துல நின்ன சுப்ரா கப்பல்லயும் குண்டு விழுந்துது. நம்ம கரை பீரங்கி ஒன்பது குண்டு திருப்பிச் சுட்டுது, ஒண்ணும் படல.

[மாலை 6:59] செல்வம் மாமா: லைட்ஹவுஸ் அப்ப ஐகோர்ட்டு கட்டடத்து மேல இருந்துது. அந்த விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துது. அதை வச்சு எம்டன் நேரா வந்துருச்சு.

[மாலை 7:01] கார்த்தி: போர் நேரத்துல விளக்கையா ஏத்தி வச்சிருந்தாங்க மாமா?

[மாலை 7:04] செல்வம் மாமா: ஆமாப்பா. அதுக்கு முன்னாடியே வங்காள விரிகுடாவுல எம்டன் கேப்டன் ஒவ்வொரு சரக்குக் கப்பலா பிடிச்சு மூழ்கடிச்சுக்கிட்டு இருந்தான். பிடிபட்ட மாலுமிங்களை காபிங்கா கப்பல்ல ஏத்தி பத்திரமா அனுப்பியும் வச்சான். எம்டன் இந்தக் கடல்லதான் சுத்துதுன்னு அதிகாரிங்களுக்குத் தெரியும். ஊரை இருட்டாக்கல. இதை என்னால இன்னும் ஏத்துக்க முடியல.

[மாலை 7:10] பிரியா அக்கா: அத்தை, அதே நாள் காலையில இங்க நான் இருக்குற ஹேக் நகரத்துக்கு எதிர்க் கடல்ல நடந்தது இதைவிடப் பெருசு. அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி, மூணும் பிரிட்டிஷ் க்ரூஸர் போர்க்கப்பல். ஓட்டோ வெட்டிகன் கேப்டனா இருந்த யூ-9ங்கிற ஒரே நீர்மூழ்கி மூணையும் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள மூழ்கடிச்சுது. 1,459 பேர் போயிட்டாங்க.

[மாலை 7:11] கார்த்தி: ஒரே நீர்மூழ்கியா?? முதல் கப்பல் அடிபட்டதுமே மத்த ரெண்டும் ஓடியிருக்கலாமே அக்கா.

[மாலை 7:16] பிரியா அக்கா: ஓடல கார்த்தி. அபூகிர் கண்ணிவெடியில மாட்டிக்கிச்சுன்னு நினைச்சாங்க. தண்ணியில தத்தளிச்சவங்களைக் காப்பாத்த ஹோக் நின்னு படகை இறக்குச்சு, அதுக்கும் டார்பிடோ. அப்புறம் கிரெஸ்ஸிக்கு. 15 வயசு பையன் ஒருத்தன் அபூகிர்லேர்ந்து நீந்தி ஹோக்குக்குப் போனான், அதுவும் மூழ்குச்சு. கிரெஸ்ஸியில ஏறினான், அதுவும் போச்சு. கடைசியில டச்சுக்காரங்க காப்பாத்துனாங்க. அவனை மாதிரி கடற்படைப் பள்ளியிலேர்ந்து நேரா அனுப்பின பசங்க நிறைய பேர் அந்தக் கப்பல்கள்ல இருந்தாங்க. மத்தவங்க பெரும்பாலும் குடும்பஸ்தங்க, போர் வந்ததும் வீட்டுலேர்ந்து திரும்பக் கூப்பிட்டவங்க.

[மாலை 7:22] சரோஜா அத்தை: இதுல அரசியலும் இருக்கு. அப்ப கடற்படை மந்திரி சர்ச்சில். முந்தின நாள்தான் லிவர்பூல் கூட்டத்துல, ஜெர்மன் கப்பல்கள் சண்டைக்கு வரலன்னா வளையில இருக்குற எலியத் தோண்டுற மாதிரி தோண்டி எடுப்போம்னு பேசினாரு. ஆனா அதே சர்ச்சில் 18ஆம் தேதியே, அந்தப் பழைய க்ரூஸர்களை அங்க ரோந்து விடக்கூடாது, ஆபத்துன்னு எழுதியும் வச்சிருக்காரு. கடற்படைக்குள்ளயே அதுங்களுக்கு 'உயிர் இரை' படைன்னு பேரு. தெரிஞ்சேதான் நாலு நாளா அங்கயே விட்டுவச்சாங்க. மெட்ராஸ்லயும் தெரிஞ்சுதான் விளக்கு எரிஞ்சுது.

[மாலை 7:24] பெரியப்பா: இவ்வளவும் ஒரே நாள்லயா?

[மாலை 7:29] சரோஜா அத்தை: இன்னும் இருக்கு அண்ணே. பசிபிக்ல தஹிதி தீவு, பிரெஞ்சுக்காரங்க கையில இருந்துது. அதே 22ஆம் தேதி காலையில ஜெர்மன் அட்மிரல் ஷ்பேயோட ரெண்டு பெரிய கப்பல், ஷார்ன்ஹோர்ஸ்ட்டும் கினைசனாவும், பப்பீத்தே ஊரை அடிச்சுதுங்க. அங்க காலைன்னா இங்க ராத்திரி, ரெண்டு தாக்குதலுக்கும் நடுவுல ஒருசில மணி நேரம்தான். எம்டனும் ஷ்பேயோட படையிலேர்ந்துதான் ஆகஸ்ட் மாசம் தனியா பிரிஞ்சு வந்துது. உலகத்தோட ரெண்டு மூலையில, ஒருத்தருக்கொருத்தர் சேதி சொல்லிக்காம, ஒரே நாள்ல!

[மாலை 7:30] கார்த்தி: தஹிதியில என்னத்தை இருக்கு?

[மாலை 7:33] சரோஜா அத்தை: நிலக்கரி. அது இல்லாம அந்தக் கப்பல் ஓடாது. பிரெஞ்சு தளபதி தெஸ்த்ரெமோ, எதிரி கையில சிக்கக்கூடாதுன்னு கரிக்குவியலுக்கே தீ வச்சுட்டாரு, ஸெலே பீரங்கிப் படகையும் மூழ்கடிச்சாரு. ஊர்ல பாதி கடைத்தெரு எரிஞ்சாலும் ஷ்பேக்கு ஒரு கூடை கரி கிடைக்கல. டிசம்பர்ல ஃபாக்லாந்து தீவுகிட்ட ரெண்டு கப்பலும் போச்சு. ஷ்பேயும் அவரோட ரெண்டு மகன்களும் அங்கயே செத்தாங்க.

[மாலை 7:35] பிரியா அக்கா: பிரிட்டிஷ் விமானங்க முதல்முதலா ஜெர்மனிக்குள்ள போய் குண்டு போட்டதும் அன்னைக்குத்தான் அத்தை. ஆன்ட்வெர்ப்லேர்ந்து நாலு கிளம்புச்சு. மூடுபனியில ஒண்ணுதான் டுசெல்டார்ஃப்ல செப்பலின்ங்கிற ராட்சத ஆகாயக் கப்பல் நிறுத்துற கொட்டகையைக் கண்டுபிடிச்சுது, பெரிய சேதம் இல்ல.

[மாலை 7:38] பெரியப்பா: அப்ப நம்ம ஊர்ல நடந்தது சின்ன விஷயம்தானா?

[மாலை 7:46] சரோஜா அத்தை: சேதத்தைப் பார்த்தா சின்னதுதான் அண்ணே. ஆனா எம்டன் கேப்டன் ஃபான் மியுல்லர் எண்ணெய்க்காக மட்டும் வரல. வெள்ளைக்காரன் மேல இந்திய ஜனங்களுக்கு இருந்த பயபக்தி ஆட்டங்காணணும், அதான் நோக்கம்னு அவரே எழுதியிருக்காரு. அது நடந்துது. கடலே எங்களுதுன்னு சொன்ன அரசாங்கம் அரை மணி நேரம் கையப் பிசைஞ்சு நின்னதை ஊரே பார்த்துது. தாத்தா கடையைப் பூட்டினது குண்டுக்காக மட்டும் இல்ல. காப்பாத்துவாங்கங்கிற நம்பிக்கை போச்சு, அதனாலயும்தான்.

[மாலை 7:49] கார்த்தி: எத்தனை பேர் செத்தாங்க அத்தை நம்ம ஊர்ல?

[மாலை 7:53] சரோஜா அத்தை: குறைஞ்சது அஞ்சு பேர். எனக்கு ஆறாத விஷயம் இதுதான் கார்த்தி. ஐகோர்ட்டு கிழக்கு மதில்ல கல்வெட்டு இருக்கு, கப்பலும் தேதியும் சொல்லுது. செத்தவங்க யாருன்னு சொல்லல. கேப்டன் பேரு நூறு வருஷம் கழிச்சும் எல்லாருக்கும் தெரியுது.

[மாலை 7:57] பிரியா அக்கா: இங்க செத்தவங்க பேரு இங்கிலாந்துல சாதம் கடற்படை நினைவுச்சின்னத்துல இருக்கு அத்தை. கரை ஒதுங்கின சிலருக்கு நூர்ட்வைக் கல்லறைத் தோட்டத்துல சமாதியும் உண்டு. ஆனா 1954ல பிரிட்டிஷ் அரசே அந்த மூணு கப்பலையும் இரும்புக்காக ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு வித்துருச்சு! உள்ளுக்குள்ள அத்தனை பேரோட உடம்பு இருக்குன்னு தெரிஞ்சும்.

[மாலை 7:58] பெரியப்பா: அநியாயம்மா இது.

[இரவு 8:03] செல்வம் மாமா: கார்த்தி, ஞாயித்துக்கிழமை காலையில வா, அந்தக் கல்வெட்டைக் காட்டுறேன். அப்படியே கோட்டை மியூசியத்துல எம்டன் குண்டுத் துண்டையும் பார்த்துட்டு வரலாம்.

[இரவு 8:04] கார்த்தி: வரேன் மாமா. பெரியப்பாவையும் கூட்டிட்டு வரட்டுமா?

[இரவு 8:06] பெரியப்பா: நானே வரேன்டா. சரோஜா, பிள்ளைவாள் பத்தின அந்த ஃபார்வர்டை தெரு குரூப்லயும் போட்டிருக்கேன். நீ இங்க எழுதினதை அங்க அனுப்பவா?

[இரவு 8:07] சரோஜா அத்தை: அனுப்புங்க அண்ணே. பிரியா எழுதினதையும் சேர்த்து அனுப்புங்க.