மணிக்கட்டில் சின்ன எழுத்தில் டாட்டூ: பத்து வருடம் கழித்தும் படிக்க முடியுமா?

தேன்மொழி_திருச்சி:
மகள் பெயர் யாழினி. இடது மணிக்கட்டின் உட்புறத்தில் அவள் பெயரும் அதற்கு மேலே ஒரு குட்டி யாழும் குத்திக்கொள்ள ரொம்ப நாள் ஆசை. பின்டரெஸ்டில் பார்த்த மாதிரி மெல்லிய கோடு, மொத்தமே இரண்டு விரல் அகலம், யாழில் பதினான்கு நரம்பு. ஒரு ஸ்டூடியோவில் காட்டினேன், "தாராளமா போடலாம் மேடம், அரை மணி நேர வேலை" என்றார்கள். ஆனால் என்னுடன் வேலை செய்யும் அக்கா கையில் இதே மாதிரி சின்னதாகப் போட்ட பெயர் இப்போது பூச்சி ஊர்ந்த தடம் போல ஆகிவிட்டது, என்ன எழுத்து என்றே தெரியவில்லை. எனக்கும் அப்படித்தான் ஆகுமா? எப்படி வரைந்தால் நிற்கும்?

ஊசிவேலை_கோவை:
போடலாம்தான், அன்றைக்கு எடுக்கும் போட்டோ அருமையாக வரும். நான் இந்தத் தொழிலில் இருப்பதால் சொல்கிறேன் சகோதரி, இந்த டிசைனை இதே அளவில் போடாதீர்கள். மை நிற்பது மேல்தோலுக்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், அது அங்கே போட்டபடியே நிற்காது, வருடம் போகப் போக ஒவ்வொரு கோடும் இரு பக்கமும் கொஞ்சம் தடிக்கும். அதனால் வரையும்போது கோட்டைவிட இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் மகள் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: ழி-யில் அடியில் ஒரு வளைவு, னி-யில் உள்ளே ஒரு சுழி. எழுத்து 4 மில்லிமீட்டர் உயரம் என்றால் அந்தச் சுழிக்குள் ஒரு மில்லிமீட்டர் வெற்றுத்தோல்கூட மிஞ்சாது, கோடு தடித்ததும் முதலில் அடைபடுவது அதுதான். எழுத்து குறைந்தது 12 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டிசைனை அசல் அளவில் பிரிண்ட் எடுத்து, எல்லாக் கோட்டின் மேலும் இரண்டு மடங்கு தடிமனான பேனாவால் வரைந்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். படிக்க முடிந்தால் சரி.

அப்புறம் இடம். மணிக்கட்டு மடிப்பில் தோல் மெல்லிசு, ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மை கலங்கிக் கோட்டைச் சுற்றி நீல நிழல் விழும், போதாததற்கு வளையலும் வாட்சும் உரசும். மூன்று விரல் மேலே முன்கைக்கு ஏற்றிவிடுங்கள்.

மண்வாசனை_மதுரை:
எங்கள் அப்பாயி முன்கையில் குறத்தி வந்து குத்திய பச்சை இருந்தது. கோலம், அதன் கீழே தேள், சுற்றிலும் புள்ளிகள், ஓரத்தில் தாத்தா பெயர். கடைசிக் காலத்தில் கோடெல்லாம் தடித்து நீலப்பச்சையாகிவிட்டது, ஆனாலும் கோலம் கோலமாகவே தெரிந்தது, தேளின் கொடுக்கைக்கூட நாங்கள் விரல் வைத்துத் தடவுவோம், ஏனென்றால் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு மிளகு வைக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். தாத்தா பெயரைத்தான் யாராலும் படிக்க முடியவில்லை, பொடி எழுத்து.

வேப்பங்கிளை:
மெல்லிய கோடு என்றாலே கெட்டுப்போகும் என்று ஆகிவிடக் கூடாது. எனக்கு மேற்கையின் உட்புறத்தில் ஒரே ஊசியில் போட்ட வேப்பங்கிளை இருக்கிறது, இலைகள் தள்ளித் தள்ளி, வெயிலே படாத இடம், வருடங்களாகியும் தெளிவாகவே இருக்கிறது. அங்கங்கே கோடு மங்கியதற்கு ஒருமுறை டச்சப் செய்தேன், அவ்வளவுதான். நெருக்கித் திணிப்பதுதான் பிரச்சினை.

அப்புறம் யாழுக்குப் பதினான்கு நரம்பு கட்டாயமில்லை. பதினான்கு என்பது சகோட யாழுக்கு. செங்கோட்டியாழுக்கு ஏழே நரம்பு, அதை வரையச் சொல்லுங்கள், இடைவெளியும் தாராளமாகக் கிடைக்கும்.

தோல்நலம்:
மருத்துவமனைத் தோல் பிரிவில் வேலை செய்கிறேன். மைத்துகளைத் தோலில் உள்ள விழுங்கணுக்கள் பிடித்து வைத்திருக்கின்றன. அவை சாகும்போது மை வெளியே வரும், புதிதாக வரும் அணுக்கள் அதை மறுபடி விழுங்கும். 2018-இல் பிரான்சில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு இதைக் காட்டியது. இதை நம்மால் நிறுத்த முடியாது, நாம் செய்யக்கூடியது மையை மங்கவைக்கும் வெயிலைத் தடுப்பது. புண் முழுதாக ஆறிய பிறகு, ஸ்கூட்டர் எடுக்கும் நாளெல்லாம் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தடவுங்கள். நம் தோல் நிறத்துக்கு வெள்ளை, மஞ்சள் மை வேண்டாம், சீக்கிரம் காணாமல் போகும், கருப்பே நிற்கும். காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு தடித்து வளர்ந்திருந்தால், டாட்டூவுக்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

தேன்மொழி_திருச்சி:
எல்லோருக்கும் நன்றி. தழும்புத் தொல்லை எனக்கு இல்லை. ஏழு நரம்பு யாழ், முன்கை உட்புறம், கருப்பு மட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். பேனா சோதனையும் செய்து பார்த்தேன் அண்ணா, பழைய அளவில் னி வெறும் பொட்டாகிவிட்டது. அதே ஸ்டூடியோவுக்கே போகலாமா?

ஊசிவேலை_கோவை:
அவர்களிடம் புதுசாகப் போட்ட படங்களைக் கேட்காதீர்கள், அன்றைக்கு எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். மூன்று நான்கு வருடம் ஆன, ஆறிய தமிழ் எழுத்து வேலை ஏதாவது இருந்தால் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அங்கேயே போடலாம், மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.