புதுக் கேமிங் கொம்பியூட்டருக்கு எந்த ஓஎஸ்: விண்டோஸ் 10, 11, இல்லாட்டி லினக்ஸ்?

கொக்குவில் பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். ஏஎல் எழுதிவிட்டு கம்பஸ் தொடங்கும்வரை வீட்டில் நிற்கிறேன். கனடா மாமா தந்த காசோடு என்னுடையதையும் சேர்த்து ஒரு கேமிங் கொம்பியூட்டருக்குச் சாமான் எல்லாம் வாங்கியாகிவிட்டது. ரைசன் 5 7600, பி650 போர்ட், 16 ஜிபி டிடிஆர்5 ராம், ஆர்எக்ஸ் 7600 கார்ட், 1 டிபி என்விஎம்இ. பழைய லப்டொப்பில் கழற்றிய 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும் கையில் இருக்கிறது. கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு கடையில் பூட்டக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது கடைக்காரர், "விண்டோஸும் போட்டு அக்டிவேட் பண்ணித் தாறம், 10ஆ 11ஆ எண்டு சொல்லுங்கோ" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யூடியூப்பில் ஒருவர் 11 போட்டால் எஃப்பிஎஸ் (கேமில் ஒரு செக்கனுக்கு வருகிற படங்களின் எண்ணிக்கை) குறையும் என்கிறார். இன்னொருவர் விண்டோஸையே விட்டுவிட்டு லினக்ஸுக்கு வரச் சொல்கிறார்.

இரவில் கூட்டாளிகளோடு விளையாடுவது வொலரன்ட். தனியே இருந்தால் எல்டன் ரிங், சிலவேளை கவுண்டர்-ஸ்ட்ரைக் 2. தங்கச்சி ஏஎல்லுக்கு ஐசிடி செய்கிறாள், அவளுக்கும் இதே மெசின்தான். வீட்டு இன்டர்நெட் மாதத்துக்கு இவ்வளவு ஜிபி என்று அளவு கட்டிய பக்கேஜ். எங்கள் ஒழுங்கையில் கரண்ட் சொல்லாமல் போய்வரும். இதையெல்லாம் யோசித்து ஒரு வழி சொல்லுங்கள்.

மானிப்பாய் பென்குயின்:

தம்பி, ஏஎம்டி கார்ட் வாங்கியது நல்ல வேலை. லினக்ஸில் அதற்குத் தனியாக டிரைவர் தேடத் தேவையில்லை, உள்ளேயே வரும். பசைட் என்ற லினக்ஸைப் போடு. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது, கேமுக்கென்றே ஸ்டீம் என்ற கேம் கடையோடு வரும், காசும் இல்லை. ஸ்டீமின் வால்வ் கம்பனி 2018இல் புரோட்டோன் என்ற இடைமென்பொருளைக் கொண்டுவந்த பிறகு விண்டோஸ் கேம்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகிறது. எல்டன் ரிங் ஒன்லைனோடு ஓடும். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 லினக்ஸுக்கென்றே வருகிறது. களவு விண்டோஸுக்கு ஏன் காசு கொடுக்கிறாய்?

வல்வெட்டித்துறை 7:

நான் விண்டோஸ் 10தான் பாவிக்கிறேன். ஒரு பிரச்சினையும் இல்லை. 11இல் தேவையில்லாத சாமான் கனக்க. 10ஐயே போடச் சொல்லு.

சுன்னாகம் அண்ணை:

தம்பி, நான் சுன்னாகத்தில் கொம்பியூட்டர் பூட்டித் திருத்துகிற ஆள். இந்தக் கேள்வியோடு பெடியள் கடைக்கு வந்தால் நான் முதலில் எஃப்பிஎஸ் பற்றிக் கதைப்பதில்லை. இரவில் ஆரோடு என்ன விளையாடுகிறாய் என்றுதான் கேட்பேன். நீ அதை எழுதியே விட்டாய்: வொலரன்ட். அந்த ஒரு சொல்லோடு பாதி முடிவு வந்துவிட்டது.

வொலரன்டோடு வருகிற வான்கார்ட் என்ற, கேமில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கிற மென்பொருள், மெசின் எழும்பும்போதே விண்டோஸின் மையப்பகுதியான கேர்னலுக்குள் போய் உட்காருகிறது. லினக்ஸில் அதற்கு இடமே இல்லை. புரோட்டோன் எவ்வளவு திறமாக வந்தாலும் இதைத் தாண்டாது. மானிப்பாய்த் தம்பி சொன்ன எல்டன் ரிங் கதை உண்மைதான். அதில் இந்த வேலைக்கு இருப்பது ஈஸி அன்டி-சீட், அது புரோட்டோனில் ஓடக்கூடியது, கேம் செய்தவர்களும் அனுமதித்திருக்கிறார்கள். அனுமதி கொடுப்பது செய்தவர்களின் கையில். அதே ஈஸி அன்டி-சீட் இருந்தும் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2024 ஒக்டோபரில் லினக்ஸை அடைத்துவிட்டது. ஜிடிஏ ஒன்லைனுக்கு அதே வருடம் செப்டெம்பரில் பட்டில்-ஐ என்ற இன்னொரு தடுப்பைப் போட்டார்கள், அன்றோடு லினக்ஸ்காரர் வெளியே. நேற்று ஓடியது நாளைக்கும் ஓடும் என்று ஒன்லைன் கேம்களில் நம்பி இருக்க ஏலாது. புரோட்டோன்டிபி என்ற தளத்தில் கேமின் பெயரைத் தட்டினால் மற்றவர்களுக்கு ஓடுகிறதா என்று எழுதியிருப்பார்கள். இனி எந்தக் கேம் வாங்கினாலும் முதலில் அதைப் பார்.

எனவே உன்னுடைய முக்கிய டிரைவில் விண்டோஸ் 11. 10 வேண்டாம். மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு 10க்கு வழமையான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. பதிந்து வைத்தால் மேலும் ஒரு வருடம் கிடைக்கும், அது பழைய மெசின் வைத்திருப்பவர்களுக்கு உதவும். வல்வெட்டித்துறைத் தம்பி ஏற்கெனவே ஓடுகிறதை வைத்திருப்பதில் எனக்குக் குறை இல்லை. புதுச் சாமானில் புதிதாகப் போடுகிறவனுக்கு அது தேவையில்லாத வேலை. ஸ்டீமும் விண்டோஸ் 7, 8 இரண்டையும் 2024 ஜனவரியோடு கைவிட்டது, 10க்கும் ஒருநாள் அது வரும்.

எஃப்பிஎஸ் குறையும் என்கிற கதைக்கு ஒரு காரணம் உண்டு. 11இல் மெமரி இன்டெகிரிட்டி என்ற பாதுகாப்பு புது மெசின்களில் தானாகவே போட்டபடி வரும், அது கொஞ்சம் வேகத்தைத் தின்னும். கேம் விளையாடுகிறவர்கள் வேண்டுமானால் அதை நிறுத்தலாம் என்று மைக்ரோசொஃப்டே 2022இல் எழுதியது. உன் ரைசனுக்கு வொலரன்டில் அந்தக் குறைவு கண்ணுக்கே தெரியாது. நான் என்றால் அதை நிறுத்தமாட்டேன்.

இனி நான் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் சொன்ன "அக்டிவேட் பண்ணித் தாறம்". உரிமம் வாங்காமல் களவாக அதைச் செய்யப் பாவிக்கிற சின்ன மென்பொருட்களில் கனக்கவற்றை, விண்டோஸோடு வருகிற வைரஸ் காவலான டிஃபெண்டர் உடனே பிடிக்கும். அதனால் முதலில் டிஃபெண்டரின் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் அதை ஓட விடுவார்கள். அப்படி வருகிற மெசின்களில் நான் முதலில் திறப்பது விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்குளூசன்ஸ் பட்டியல். இதைப் பார்க்காதே என்று டிஃபெண்டருக்குச் சொல்லி வைக்கிற இடம் அது. அங்கே சில மெசின்களில் சி டிரைவ் முழுவதுமே எழுதிக் கிடக்கும். மேலே பச்சைச் சரி அடையாளம், உள்ளே ஒரு காவலும் இல்லை. பிரவுசரில் நீ லொகின் ஆகியிருக்கிற அடையாளத்தை ஒருவன் அப்படியே அள்ளிக்கொண்டு போனால் பாஸ்வேர்ட் கூடத் தேவையில்லை, ஸ்டீம் கணக்கும் டிஸ்கோர்டும் அவன் கையில். வருடக்கணக்காகச் சேர்த்த கேமும் ஸ்கின்னும் போய், பெடியள் வந்து நின்று அழுவதை நான் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இன்னொன்று. போன மாதம் ஒரு பெடியன் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தான். நீலத் திரை, 48 இலக்கத் திறப்பு கேட்கிறது. பயோஸ் (போர்டில் இருக்கிற தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்தபிறகு வந்திருக்கிறது. 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்ளே போனால் டிரைவ் தானாகப் பூட்டப்படும், திறப்பு அந்தக் கணக்கில் போய்ச் சேரும். இவனுக்குப் போட்டுக் கொடுத்த கடையில் வேலை செய்தவர் தன் சொந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார், அவர் இப்போது நாட்டில் இல்லை. நல்லகாலம், ஆளைப் பிடித்து வட்ஸ்அப்பில் இலக்கத்தை எடுத்தோம். பிடிக்க முடியாமல் போயிருந்தால் உள்ளே இருந்த அத்தனையும் போனதுதான்.

ஆகவே கடையில் பூட்ட மட்டும் சொல்லு. விண்டோஸை நீயே போடு. மைக்ரோசொஃப்டின் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் இருக்கிறது, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும், கணக்கு உன்னுடையதாக இருக்கட்டும். ஹோம் பதிப்பே காணும், புரோவால் கேமுக்கு ஒரு நன்மையும் இல்லை. அமெரிக்க விலை ஹோமுக்கு 139 டொலர், எங்களுக்குப் பெரிய காசு, எனக்குத் தெரியும். மாமாவிடம் கேட்டுப் பார், பிறந்தநாளுக்குத் தரக்கூடிய சாமான்தான். முழு விலைக்கு வருகிற ரீட்டெய்ல் உரிமம் நாளைக்குப் போர்ட் மாற்றினாலும் கூட வரும், மெசினோடு சேர்த்து விற்கிற மலிவான ஓஇஎம் உரிமம் அந்தப் போர்டோடே நின்றுவிடும். வாங்கும்வரை திரையின் வலது கீழ் மூலையில் அக்டிவேட் செய்யச் சொல்லி எழுத்து நிற்கும், வோல்பேப்பர் மாற்ற விடாது. கேம் ஓடும், அப்டேட்டும் வரும். அது முழு உரிமம் இல்லை, காசு சேர்ந்ததும் வாங்கிவிடு. ஆனால் கண்ணைக் கட்டின டிஃபெண்டரோடு இருப்பதைவிட அந்த எழுத்தோடு இருப்பது ஆயிரம் மடங்கு மேல்.

போடும்போது பென் டிரைவ் யூஇஎஃப்ஐ என்ற புதுத் தொடக்க முறையில் எழும்புகிறதா என்று பார். பழைய முறையில் போட்டால், நம்பகமானதை மட்டும் எழும்ப விடுகிற செக்யூர் பூட் என்பதை ஒன் செய்ய ஏலாது, அது இல்லாமல் 11இல் வொலரன்ட் வான் 9003 என்று பிழை காட்டி நின்றுவிடும். போட்டு முடிந்ததும் விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டு. பயோஸ் மோட் யூஇஎஃப்ஐ, செக்யூர் பூட் ஸ்டேட் ஒன் என்று இருந்தால் சரி. 11 கேட்கிற டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி உன் ரைசனுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக வாங்கத் தேவையில்லை.

மானிப்பாய் பென்குயின்:

வொலரன்டைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன், அண்ணை சொல்வதுதான் சரி. ஆனால் அந்த 256 ஜிபியைச் சும்மா வைத்திருக்க வேண்டாம், அதில் பசைட் போடலாமே? கரண்ட் போகிற இடத்துக்கு அது நல்லது. அப்டேட் முழுவதையும் பக்கத்தில் தனிப் பிரதியாக இறக்கி, அடுத்தமுறை எழும்பும்போதுதான் மாறும். நடுவில் கரண்ட் போனால் பழையது அப்படியே இருக்கும். புதியது பிடிக்காவிட்டால் தொடக்கப் பட்டியலில் பழையதைத் தெரிவு செய்யலாம்.

கொக்குவில் பெடியன்:

நன்றி அண்ணை. கடைக்குச் சொல்லிவிட்டேன், பூட்ட மட்டும்தான். இரண்டையும் வைத்தால் ஒன்றை ஒன்று குழப்பாதா? தங்கச்சி பைதன், பிஎச்பி, மைஎஸ்கியூஎல் என்று கேட்கிறாள், பாமினியில் தட்டும் பழைய கோப்புகளும் இருக்கின்றன. பிறகு கேம் இறக்குகிற டேட்டா. எல்டன் ரிங் மட்டுமே 50 ஜிபிக்குக் கிட்ட.

சுன்னாகம் அண்ணை:

தங்கச்சிக்கு எதில் என்றாலும் சரி. அவள் கேட்ட மூன்றும் இரண்டிலும் ஓடும், பாமினி வெறும் எழுத்துரு, கோப்பை எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஒன்று மட்டும்: அவளுக்கு விண்டோஸில் தனியாக ஒரு யூசர் கணக்கு செய்து கொடு, அட்மின் அதிகாரம் இல்லாமல். சோதனைக் காலத்தில் அவளுடைய கோப்பில் உன் கை படக்கூடாது.

லினக்ஸ் போட ஆசை என்றால் போடு, எனக்கும் அது பிடிக்கும், கடையில் நான் பாவிப்பது மின்ட் என்ற லினக்ஸ். அந்த 256இல் போடுகிற நேரம் என்விஎம்இயைப் போர்டில் இருந்து கழற்றி வை. ஒரு ஸ்க்ரூதான். அப்படிச் செய்தால் இரண்டின் தொடக்கமும் வேறு வேறாக இருக்கும், ஒன்று பழுதானாலும் மற்றது எழும்பும். எதற்குள் போவது என்பதை பயோஸின் பூட் மெனுவில் தெரிவு செய். வொலரன்டுக்காகச் செக்யூர் பூட் ஒன் ஆக இருக்க வேண்டும், மின்ட் அதோடு பேசாமல் எழும்பும். பசைட்டுக்கு முதல்தடவை ஒரு திறப்பைப் பதியச் சொல்லி நீலத் திரை வரும், பயப்படாமல் பதிந்துவிடு.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்து. அது போட்டபடி இருந்தால் நீ நிறுத்திய மெசின் உண்மையில் முழுதாக நிற்காது, லினக்ஸில் இருந்து விண்டோஸ் டிரைவுக்கு எழுத ஏலாமல் இருக்கும். பிறகு மணிக்கூடு. லினக்ஸ் போர்டில் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைக்கும். எங்கள் நாட்டில் சரியாக ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கும். பட்டரி பழுது என்று பெடியள் இதற்காகவே கடைக்கு வருவார்கள். லினக்ஸின் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் சரி, மானிப்பாய்த் தம்பி எப்படி என்று எழுதுவார்.

ஒரே ஸ்டீம் ஃபோல்டரை இரண்டுக்கும் பொதுவாக வைக்கப் பார்க்காதே. விண்டோஸ் டிரைவில் இருந்து புரோட்டோன் கேமை ஓட்டினால் எப்போது நிற்கும் என்று சொல்ல ஏலாது.

டேட்டாவுக்கு வழி இருக்கிறது. உன் கூட்டாளி ஒருவனிடம் எல்டன் ரிங் இருந்தால், அவனுடைய ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் கொமன் என்று ஒன்று இருக்கும், அதிலிருந்து கேம் ஃபோல்டரை எக்ஸ்டர்னலில் எடுத்துக்கொண்டு வந்து உன்னுடையதில் அதே இடத்தில் வை. பிறகு ஸ்டீமில் இன்ஸ்டோல் அழுத்து. இருக்கிற கோப்புகளைச் சரிபார்த்து, குறைகிறதை மட்டும் இறக்கும். கேம் உன் கணக்கிலும் வாங்கியிருக்க வேண்டும் என்பது தெரிந்ததுதானே. லினக்ஸில் ஸ்டீம், கேமின் காட்சிகளுக்கான ஷேடர் கோப்புகளையும் பின்னால் இறக்கிக்கொண்டிருக்கும், அளவு கட்டிய பக்கேஜுக்கு அது இடைஞ்சல், செட்டிங்ஸில் நிறுத்தலாம்.

கரண்டுக்கு ஒரு 1000 விஏ யூபிஎஸ் பார். 650 விஏ என்றால் விளையாடுகிற நேரம் அந்தக் கார்டோடு திணறும். அப்டேட்டைப் பின்னேரம் மழை இருட்டுகிற நேரத்தில் தொடங்காதே, காலையில் செய். பூட்டி எடுத்துக்கொண்டு வந்ததும் எம்எஸ்இன்ஃபோ திரையைப் படம் எடுத்து இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.