பழகிய பறவை, வேற்று நாடு: ஒப்பிட எதைப் படமெடுக்க வேண்டும்?

சிங்கப்பூரிலிருந்து

ஊரிலிருந்து வந்தவர்கள் இங்கே முதலில் எடுக்கும் பறவைப் படம் அநேகமாக மைனாவாகத்தான் இருக்கும். கீழே "காட்டு மைனா" என்று போட்டுவிடுகிறார்கள். உணவங்காடி மேசைகளில் மிச்சம் பொறுக்கும் அந்தக் கறுத்த பறவை ஜாவா மைனா. 1920-களில் கூண்டுப் பறவையாக வந்து தீவு முழுக்கப் பரவியது. நம் நாட்டு மைனாவும் இங்கே உண்டு, ஆனால் ஜாவா மைனாவிடம் இடத்தைப் பறிகொடுத்து ஓரத்துக்குப் போய்விட்டது.

நீலகிரியில் பார்க்கும் காட்டு மைனாவுக்கும் ஜாவா மைனாவுக்கும் நெற்றிக் குடுமி ஒன்றுபோலவே இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அலகைப் பாருங்கள். ஜாவா மைனாவுக்கு அலகு முழுக்க மஞ்சள். காட்டு மைனாவுக்கு நுனிப்பக்கம் ஆரஞ்சு, அடிப்பக்கம் கறுத்திருக்கும். அடுத்தது வாலடி, அதாவது வாலின் கீழ்ப்புறம்: ஜாவா மைனாவுக்குப் பளீரென்ற வெள்ளை, தென்னிந்தியக் காட்டு மைனாவுக்கு மங்கல். ஆகவே ஒரு மைனாவுக்குக் குறைந்தது மூன்று படம் வேண்டும்: கண்ணும் அலகும் தெளிவாகத் தெரியும் பக்கவாட்டுப் படம், தரைமட்டத்திலிருந்து வாலடி தெரிய ஒன்று, இறக்கை விரித்தபடி ஒன்று.

நிறத்தை வைத்துப் பேசுவதால், வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடக் கூடாது. தூங்குமூஞ்சி மரத்தடியில் பச்சை அதிகம். அதைச் சரிக்கட்டக் கேமரா சிவப்பை ஏற்றும், மஞ்சள் அலகு ஆரஞ்சாகி ஜாவா மைனா காட்டு மைனாவாகிவிடும். டேலைட் அல்லது 5200–5500 கெல்வினில் பூட்டிவிட்டு, ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். உணவங்காடிக் கூரைக்குள் பல நிற விளக்குகள் கலந்திருப்பதால் அங்கே எடுத்த படத்தை நிற ஒப்பீட்டுக்கு நான் ஏற்கவே மாட்டேன்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே வெளியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றித் துடைத்தால் ஈரம் உள்ளே சென்சார் வரை போகும்.

சிட்டுக்குருவி விஷயம் சுலபம். தலையுச்சி செம்பழுப்பாகவும் வெள்ளைக் கன்னத்தில் கறுப்புப் பொட்டும் இருந்தால் அது யூரேசிய மரச்சிட்டு, நம் வீட்டுச் சிட்டுக்குருவி இல்லை. அதில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். படத்தை வைத்து "ஆண்" என்று எழுத வழியில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து

காகத்தில் கமராவே ஆளை ஏமாற்றிவிடும். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வீட்டுக் காகத்தின் பிடரிச் சாம்பல் ஊருக்கு ஊர் மாறும். பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பக்கங்களில் நன்றாக வெளிறியிருக்கும். இலங்கையிலும் இந்தியாவின் தென்மேற்கிலும் கருஞ்சாம்பல். மியன்மாரில் கழுத்துக்கும் உடலுக்கும் வித்தியாசம் மங்கிப்போகும் அளவுக்குக் கறுப்பு. மலேசியாவின் கிள்ளானுக்கு 1890-களில் கோப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னவென்று இலங்கையிலிருந்துதான் காகங்களைக் கொண்டுபோனார்கள். ஆகவே கிள்ளான் காகத்தையும் எங்கடை காகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ள ஒப்பீடு.

ஆனால் காகம் படம் முழுக்க நிறைந்து நின்றால், கமரா அதை இருட்டென்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும். பிடரி வெளிறும். யாழ்ப்பாணத்துக் காகம் கராச்சிக் காகம் போலத் தெரியும். அப்படியான படத்துக்கு, கமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை −2/3 முதல் −1 வரை இறக்க வேண்டும். அதே காகம் வெளிறிய வானம் பின்னால் தெரிய மின்கம்பியில் இருந்தால் நேரெதிர்: +1½ முதல் +2 வரை ஏற்றாவிட்டால் பிடரியும் கறுப்போடு கலந்துவிடும். சரியாக அமைந்ததா என்று பார்க்க நெற்றியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெற்றி கறுப்பாகவே இருக்க வேண்டும். முதுகிறகின் ஊதா மினுக்கம் வடிவாகத் தெரிய வேண்டும். நெற்றியே சாம்பலாகத் தெரிந்தால் அந்தப் படத்தை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் எச்டிஆரை நிறுத்திவிடுங்கள். நிழலைத் தானாகத் தூக்கிவிடுவதால் எல்லா நாட்டுக் காகமும் ஒரே சாம்பலாகிவிடும். மேகமூட்டமான நேரம்தான் இதற்கு நல்லது.

மெல்பர்னிலிருந்து

சிங்கப்பூர் அண்ணன் சொன்ன மைனாக் குழப்பம் இங்கே வேறு மாதிரி. சாம்பல் உடல், மஞ்சள் அலகு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல், கூட்டமாகச் சண்டை. இதைப் பார்த்ததும் மைனா என்று எழுதிவிடுகிறார்கள். அது நாய்ஸி மைனர். தேன்குடிப் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பறவை, மைனாவுக்கு உறவே இல்லை. நம் நாட்டு மைனா 1862-இல் மெல்பர்னுக்குக் கொண்டுவரப்பட்டது. காய்கறித் தோட்டப் பூச்சிகளைத் தின்னும் என்ற எதிர்பார்ப்பில். இன்று அதைப் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள், நாய்ஸி மைனருக்கோ சட்டப் பாதுகாப்பு உண்டு. பெயர் மாறினால் விளைவு பெரிது என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஐயமே இல்லாமல் தீர்ப்பது பறக்கும்போது எடுக்கும் படம்தான். மைனாவின் இறக்கையில் பெரிய வெள்ளைத் திட்டு விரியும்; நாய்ஸி மைனருக்கு அது கிடையாது. ஷட்டர் வேகம் 1/2000 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது; 1/1000-இல் இறக்கை நுனி கலங்கி வெள்ளை எங்கே முடிகிறது என்று தெரியாது. மைனா எழும்புவதற்குச் சற்று முன் உடலைத் தாழ்த்தும். அப்போதே தொடர்படம் அழுத்தத் தொடங்கினால் முதல் இறக்கை வீச்சு சிக்கும். தலையில் இறகுதிர்ந்து மஞ்சள் தோல் தெரியும் மைனாவைப் பார்த்து வேறு இனம் என்று எண்ண வேண்டாம், இங்கும் ஊரிலும் அப்படி உண்டு.

குயில் பற்றிச் சுருக்கமாக: சிட்னி, பிரிஸ்பேன் பக்கம் கேட்பது பசிபிக் குயில். வசந்தத்தில் வந்து மார்ச் வாக்கில் வடக்கே கிளம்பிவிடும். ஆணைப் படத்தில் பிரிப்பது கடினம், பெண்ணை எடுங்கள். இங்குள்ள பெண்ணுக்குத் தலையுச்சி கறுப்பு, நம் ஊர்ப் பெண் குயிலுக்குத் தலையிலும் புள்ளி.

கேமரா கடிகாரத்தையும் மாற்றுங்கள். மெல்பர்ன் இந்தியாவைவிடக் கோடையில் ஐந்தரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி முன்னால். மாற்றாமல் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் காலைப் பறவை நள்ளிரவில் பதிவாகும்.

லண்டனிலிருந்து

பூங்காக்களில் கூட்டமாகக் கத்தும் பச்சைக்கிளி நம் செந்தார்ப் பைங்கிளியேதான். பார்க்க வேண்டியது கீழலகு: தென்னிந்தியா, இலங்கைக் கிளிகளுக்கு அது கறுப்பு, வட இந்தியா, பாகிஸ்தான் பக்கத்துக் கிளிகளுக்குச் சிவப்பு. ஆண் கிளியின் தொண்டைக் கறுப்பு பக்கத்திலேயே இருப்பதால் நிழலில் இரண்டும் ஒன்றாகிவிடும். கொட்டை உடைக்கும்போது அலகு திறக்கும். அந்த நேரத்தில் சற்றுக் கீழிருந்து, எக்ஸ்போஷரை +2/3 கூட்டி எடுங்கள். கழுத்தில் வளையம் இல்லை என்றால் பெண் என்று எழுதிவிட வேண்டாம், இளம் ஆணுக்கும் வளையம் இருக்காது.

டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. எஃப்/6.3 லென்ஸில் ஷட்டர் வேகம் 1/500 வேண்டுமானால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200 வரை போகத் தயங்காதீர்கள். மணல்மணலாகத் தெரிவதைப் பிறகு குறைக்கலாம், ஆட்டம் கண்ட படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

சிறால் மீன்கொத்தி இங்கேயும் உண்டு. கீழலகு ஆரஞ்சாக இருந்தால் பெண், முழுக்கக் கறுப்பென்றால் ஆண். இது இரு நாட்டுக்கும் பொது. முதுகில்தான் வேறுபாடு: தென்னிந்தியப் பறவைக்கு நல்ல நீலம், இங்குள்ளதற்குப் பச்சை கலந்த நீலம். கோணம் சற்று மாறினாலும் அந்த நீலம் மாறும் என்பதால் ஒரே படத்தை வைத்துச் சொல்லாதீர்கள், பறவை திரும்பத் திரும்பப் பல கோணத்தில் எடுங்கள். ஆனால் கூடு பக்கம் போகாதீர்கள். பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை இது. உரிமம் இல்லாமல் கூட்டருகே தொந்தரவு செய்வது குற்றம். கரையில் அது இரை தேட உட்காரும் கிளை தெரிந்தால், அங்கிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்து 500 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தாலே அலகின் நிறம் தெளிவாகத் தெரியும்.