மறு வேர் சிகிச்சையில் கணினி வழிகாட்டுதல்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கும்பகோணம்
ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வேர் சிகிச்சை செய்து, உள்ளே ஃபைபர் போஸ்ட் (கேப்பைத் தாங்க வேருக்குள் ஒட்டும் நார்க் குச்சி) வைத்துக் கேப் மாட்டிய மேல் முன்பல்லின் ஈறில், குறுவை நடவு நேரத்தில் சீழ்க் கொப்புளம் வந்தது. தூர் வாரிய வாய்க்காலையே மறுபடி தூர் வாரும் வேலைதான் என்றாலும், இந்த முறை நேவிகேஷன், அதாவது துளைமுனை போகும் இடத்தைக் கணினித் திரையில் உடனுக்குடன் காட்டும் முறை, வைத்துச் செய்தார்கள். போஸ்ட் பல்லின் நிறத்திலேயே இருக்கும் என்பதும், துளைக்கும் தடம் சற்றே விலகினாலும் வேரின் பக்கச் சுவரில் ஓட்டை விழும் என்பதும் இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். என் மனத்தை விட்டு நீங்காதது வேறொன்று. கைக்கருவி என் வாய்க்குள் சுழன்றுகொண்டிருக்க, மருத்துவர் என் வாயைப் பார்க்கவே இல்லை. சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் படத்தின் மேல் துளைமுனையின் ஆழமும் கோணமும் நகர்ந்துகொண்டிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில், மூக்கின் மேல் மூக்குக்கண்ணாடி போல மாட்டியிருந்த, கேமரா பின்தொடரும் அடையாளச் சட்டம் வியர்வையில் வழுகியது. சொல்ல வழியில்லாமல் கையைத் தூக்கினேன். அவர் துளைமுனையால் பக்கத்துப் பல்லின் நுனியைத் தொட்டார். பல்லில் அது பட்டதை நான் உணர்ந்தேன். திரையிலோ முனை பல்லை விட்டு விலகி அந்தரத்தில் நின்றது. ஒன்றும் பேசாமல் சட்டத்தைச் சரிசெய்து, ஸ்கேன் படத்தையும் தாடையையும் பொருத்தும் பதிவை முதலிலிருந்து எடுத்தார். கொப்புளம் வற்றிவிட்டது, அந்த இடைவெளி மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

மன்னார்குடி
மேலே எழுதிய ஐயா அஞ்சியது நியாயமே. ஆனால் மருத்துவர் வாயைப் பார்க்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்வதை ஏற்க இயலவில்லை. திரையைப் பார்த்துக் கையை நடத்துவதுதான் அந்த முறையே. தாடையோடு பிணைத்த அடையாளத்தையும் கைக்கருவியில் உள்ள அடையாளத்தையும் கேமராக்கள் இடைவிடாமல் பின்தொடர்கின்றன. முதலாவது தாடையை விட்டு நகர்ந்துவிட்டால், கணினி அதைத் தாடையே நகர்ந்ததாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தெரிந்த பல்லைத் தொட்டுச் சரிபார்க்கிறார்கள். எத்தனை முறை சரிபார்ப்பீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஸ்கேனின் அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல் படக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனுக்குப் பிறகு அந்தப் பக்கம் வேறு பல்லில் கேப் மாற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். என் கதை சிறியது: மேல் முதல் கடைவாய்ப்பல்லில் முதல் முறை விடுபட்டுப்போன நான்காவது வேர்க் கால்வாயை மைக்ரோஸ்கோப் வைத்தே கண்டுபிடித்தார்கள், நேவிகேஷன் தேவைப்படவில்லை.

திருவாரூர்
எனக்குச் செய்ய முயன்றது திரை இல்லாத வகை. ஸ்கேனையும் பல் அளவையும் சேர்த்துக் கணினியில் வடிவமைத்து, முப்பரிமாண அச்சில் எடுத்த உறையைப் பற்களின் மேல் பொருத்தி, அதிலுள்ள குழல் வழியாகத் துளைக்க வேண்டும். கீழ்க் கடைவாய்ப்பல் என்பதால், உறையும் நீளமான துளைமுனையும் சேர்ந்து போகும் அளவுக்கு என் வாய் திறக்கவில்லை. பணம் கட்டிய உறை மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

மயிலாடுதுறை
இத்தனை கேட்கச் சொன்ன மன்னார்குடி அம்மா, வேரில் விரிசல் இருக்குமா என்று கேட்கச் சொல்லவில்லையே. என் பல்லில் இருந்தது உலோகப் போஸ்ட். ஸ்கேனில் அதைச் சுற்றிக் கறுப்பும் வெளுப்புமாகக் கீற்றுகள் விழுந்ததால் வேர்ச்சுவர் தெளிவாகத் தெரியவில்லை. திரை காட்டியபடி போஸ்டைப் பத்திரமாக எடுத்த பிறகு, மைக்ரோஸ்கோப்பில் மருத்துவர் எனக்கே காட்டினார்: மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கோடு. அன்றைக்கே பல்லைப் பிடுங்கினார்கள்.

கும்பகோணம்
மன்னார்குடி அம்மாவுக்கு: நான் குறை சொல்லவில்லை. ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு) மாட்டியதும் அவர் ஒருமுறை பல்லைத் தொட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது; அதற்குப் பிறகு, நான் கையைத் தூக்கும் வரை தொட்டதாக நினைவில்லை. அடுத்த வாரம் புதிய கேப் மாட்டப் போகும்போது கேட்கலாம் என்றிருக்கிறேன்.